வண்டி போச்சு, சத்தம் போகலை

வண்டி போன பிறகும் அதோட சத்தம் மட்டும் ஊரை விட்டுப் போகலைன்னா, அதுக்கு வாங்கினவளை ஏசக்கூடாது, வித்தவனை ஏசக்கூடாது, தரகனைத்தான் ஏசணும். அந்தத் தரகன் நான்தான், பேரு குத்தாலிங்கம், இருபது வருசம் மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசிப் பிழைச்சவன், மாடு குறைஞ்சு டிராக்டர் பெருகினப்புறம் பழைய வண்டித் தரகுக்கு வந்தவன். ஒரு பொருளை விக்கணும்னா முதல்ல அதோட குறையைச் சொல்லணும், நிறையை அது தானே சொல்லிக்கிடும்ங்கிறது என் கொள்கை. இந்தக் கொள்கையால எனக்கு நஷ்டம் வந்திருக்கே தவிர கெட்ட பேரு வந்ததில்லை, பூவன்குறிச்சி உச்சிமாகாளியோட வேனை விக்கிற வரைக்கும்.

அந்த வேனுக்குக் குறை சொல்ல உக்காந்தா பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி வேணும். வெள்ளை அடிச்ச வண்டி வெண்ணெய் நிறத்துக்கு வந்துட்டு. இடது கதவு வெளியே இருந்து தொறந்தாத்தான் தொறக்கும். வைப்பர் ரெண்டுல ஒண்ணுதான் ஆடும், அதுவும் மழை விட்ட பிறகு. வேகம் காட்டுற முள்ளு நாப்பதுல நின்னு ஒன்பது வருசமாச்சு. டயர் நாலும் தேஞ்சதுக்கு மேல புது ரப்பர் ஒட்டின ரீ-பட்டன். காலையில மூணு தடவை இருமினாத்தான் இன்ஜின் பிடிக்கும். ஆனா பத்தொன்பது வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது வழியில நின்னதில்லை. வாழைத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகளும், பரீட்சைக்குப் போற பிள்ளைகளும், இடுப்பு வலி கண்டவளும், பொண்ணு பாக்கப் போற கூட்டமும் அதுலதான் போயி அதுலதான் வந்தாக. பன்னிரண்டு பேருக்குன்னு எழுதியிருக்கும், இருபத்தாறு பேரு போவாக, இருபத்தேழாவது ஆளு ஓடி வந்தாலும் உச்சிமாகாளி இடமில்லைன்னு சொன்னதில்லை.

கடைசி ரெண்டு வருசம் அவனால எதையுமே சொல்ல முடியாமப் போச்சு. தொண்டையில கட்டி வந்து, குரல்வளையை எடுத்து, கழுத்துல ஒரு ஓட்டையைப் போட்டு, இனிமே இது வழியா மூச்சு விடுன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிச்சுட்டாக. வாய் இருக்கு, நாக்கு இருக்கு, சத்தம் இல்லை. அப்பதான் அவன் ஹாரன்ல பேச ஆரம்பிச்சான். ரெண்டு குட்டையா அடிச்சா பெண்டாட்டி முப்பிடாதியைக் கூப்பிடுதான். ஒண்ணு நீளமா இழுத்தா முடியாதுங்கான். விட்டு விட்டு நாலு அடிச்சா சிரிக்கான். இதை யாரும் உக்காந்து படிக்கலை, கேட்டுக் கேட்டு ஊருக்கே வந்துட்டு. பேசணும்னா வண்டியில இருக்கணுமேன்னு நாள் முழுக்க ஸ்டியரிங்குக்கு முன்னாலயே கிடந்தான், சாப்பாடு கூட அங்கதான். கடைசியில டீசல் புகையும் ரோட்டுத் தூசியும் கழுத்து ஓட்டை வழியா நேரே நெஞ்சுக்குள்ள போயி, ஒரே வருசத்துல ரெண்டு தடவை சளி கட்டி மூச்சு முட்டி, உனக்கு வண்டி வேணுமா ஆளு வேணுமான்னு டாக்டர் முப்பிடாதியைக் கேட்டுட்டாரு. அவ அழுதுக்கிட்டே எனக்குப் போன் போட்டா.

நான் கொண்டு வந்த ஆளு பிரகாசி, சிலுவைத்துறையில இருந்து உள்நாட்டுல முப்பது ஊருக்கு மீன் கொண்டு போறவ, வண்டியையும் தானே ஓட்டுதவ, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் குறையை எல்லாம் வரிசையாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டா, இன்ஜினைப் போடச் சொல்லி பானெட்ல காதை வச்சுக் கேட்டா, இது போதும் அண்ணாச்சின்னா. துண்டைப் போட்டோம், விரல்லயே விலையும் படிஞ்சுட்டு, வாய் இல்லாதவனுக்கு எங்க தொழில் முறை ரொம்பத் தோதாப் போச்சு. எங்க வழக்கம் என்னன்னா, விலை படிஞ்சதும் வித்தவன் கிழக்கே பாத்து நின்னு தன் வாயால மூணு தடவை கொடுத்தேன்னு சொல்லணும், வாங்கினவன் மூணு தடவை வாங்கினேன்னு சொல்லணும். அப்படிச் சொல்லாம ஓட்டிக்கிட்டுப் போன மாடு எத்தனை கட்டுக் கட்டினாலும் கயித்தை அத்துக்கிட்டுப் பழைய தொழுவுக்கு வந்து நிக்கும். உச்சிமாகாளி ஜன்னல் வழியா கையை விட்டு மூணு ஹாரன் அடிச்சான். எனக்கோ பசி, சரி அதுவே போதும்னுட்டேன். அங்கதான் தப்பு. கொடுத்தது யாரு, ஹாரன், வண்டியோட சத்தம். கொடுத்தவன் எங்கயாவது கொடுத்த பொருளோட கூடப் போவானா, வீட்டுலதானே இருப்பான்? பிரகாசி வண்டியைத் தெருவுல எடுத்தப்போ ஒரு சத்தமும் இல்லை, இறக்கமாச்சே, நியூட்ரல்ல உருட்டுதாபோலன்னு நாங்க நெனைச்சுக்கிட்டோம்.

மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு, வேன் நின்ன வெறும் முற்றத்துல, இன்ஜின் மூணு தடவை இருமிப் பிடிச்சுது. காப்பி ஆத்திக்கிட்டிருந்த முப்பிடாதி, இன்னிக்கு இன்ஜின் சீக்கிரமாப் பிடிச்சுட்டுன்னு சொன்னப்புறந்தான் வண்டி வித்தது ஞாபகம் வந்து வெளியே எட்டிப் பாத்திருக்கா. சத்தம் தெருவுல இறங்கி, முக்குல கியர் மாத்தி, பஞ்சாயத்துக் குழாயடிக்குப் போயி நின்னுது. அங்க தூக்குச்சட்டியோட நின்ன வாழைத்தோட்டத்துப் பொம்பளைக அஞ்சு பேருக்கும் கதவு தொறந்து சாத்துற ஓசை கேட்டுது, சத்தம் வழக்கம்போல ஒரு நிமிசம் உறுமிட்டுக் கிளம்பிப் போயிட்டு, அப்புறந்தான் நாம ஏறலையேன்னு ஒருத்தியை ஒருத்தி பாத்துக்கிட்டாக. அன்னிக்கு அதை ஏசிக்கிட்டே நடந்தாக, மறுநாள் அது பின்னாலயே நடந்தாக, அதுவும் இவுக நடைக்குத் தக்கபடி ரெண்டாவது கியர்ல மெதுவாப் போச்சு. ஒரு வாரத்துல, துணைக்குத்தான் வண்டி வருதே, நடந்தா உடம்புக்கு நல்லதுதானேன்னு ஆயிட்டு.

ஊருன்னா அப்படித்தான், எதையும் மூணு நாள் அதிசயமாப் பாக்கும், நாலாவது நாள் அதுக்கு ஒரு வேலை கொடுத்துடும். நாய்க ரெண்டு நாள் விரட்டிப் பாத்துச்சு, கடிக்கச் சக்கரம் கிடைக்காததால அப்புறம் படுத்தவாக்குலயே மரியாதைக்கு ஒரு குரைப்போட விட்டுட்டு. டீக்கடைக்காரர் சத்தம் வர்ற நேரத்துக்கு ரோட்டோரத்துப் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டாரு. பீடிக்கடை வேலாண்டி மட்டும், வெறும் காத்துக்கெல்லாம் ஒதுங்க முடியுமான்னு வீராப்பா நடுரோட்டுல நின்னான். சத்தம் அவனுக்குள்ள புகுந்து போயிட்டு, மத்தியானம் வரைக்கும் அவன் வயிறு உறுமிக்கிட்டே இருந்துச்சு, மறுநாள்ல இருந்து அவனும் ஒதுங்கினான். பிள்ளைக பரீட்சை எழுதுதுக, கொஞ்சம் சுத்திப் போகச் சொல்லுங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து கேட்டாக, பத்து நாள் அது குளத்தங்கரை வழியாப் போச்சு. மெயின் ரோட்டுல ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினாரு, நின்னுது, அவரு சுத்திச் சுத்தி வந்து நம்பர் பிளேட்டைத் தேடிட்டு, போன்னு விட்டுட்டாரு. கிழக்குத் தெருக் கல்யாணத்துல, கார் பிடிக்க வசதியில்லாத மாப்பிள்ளை வீட்டாரு சத்தத்தை முன்னால விட்டுப் பின்னால நடந்து வந்தாக, பொண்ணு வீட்டாரும் வண்டியில வந்தவுகளுக்கு உள்ள மரியாதையை ஒரு குறையில்லாமச் செஞ்சாக. அது ஓடுறதுக்கு டீசல் வேணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் வழக்கு நடந்து, எதுக்கும் இருக்கட்டும்னு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாட்டில் டீசலை உச்சிமாகாளி முற்றத்துல கொண்டு வச்சாக; அது குறையவும் இல்லை, ஏன் குறையலைன்னு யாரும் கேக்கவும் இல்லை.

காலைச் சவாரி முடிஞ்சு ஒன்பது மணிக்குச் சத்தம் உச்சிமாகாளிகிட்டத் திரும்பி வரும். அப்புறம் நாள் முழுக்க அவன் பக்கத்துலயே நடக்கும், அவன் கையைத் தூக்கினா ஹாரன் அடிக்கும். வண்டி இருந்தப்போ பேசணும்னா வண்டிக்குப் போகணும்; இப்ப அவன் நின்ன இடம் வண்டி. ரேசன் கடையில எடை குறைஞ்சா அங்கயே நின்னு சண்டை போட்டான், கோயில் வாசல்ல கும்பிடு போட்டான், முடிவெட்டுற நாற்காலியில உக்காந்து அரசியல் பேசினான். டீசல் புகையும் இல்லை, நெஞ்சுச் சளியும் இறங்கிட்டு. முப்பிடாதியும் அவனும் குழம்புல உப்பு கூடிட்டுன்னு அரை மணி நேரம் சண்டை போட்டாகன்னு பக்கத்து வீட்டுக்காரி சந்தோசமாச் சொன்னா. வண்டியை வித்தப்புறந்தான் மனுசன் மனுசனா ஆனான்.

மூணாவது வாரம் பிரகாசி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. வண்டி வந்தது எனக்குக் கேக்கவே இல்லை, நிழல் விழுந்துதான் நிமிந்து பாத்தேன். அவ ஒரு வார்த்தை ஏசலை, வாங்க, ஏறுங்கன்னா. ஏறிக் கதவைச் சாத்தினதும் உலகம் அடைச்சுப் போச்சு. இன்ஜின் ஓடுறது காலுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியலை. என்ன தாயி இதுன்னு கேட்டேன், நான் கேட்டது எனக்கே கேக்கலை. வாய்தான் எனக்குப் பிழைப்பு. பூவன்குறிச்சி போய்ச் சேருற ஒன்றரை மணி நேரமும் வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு, பயத்துல அவ முந்தானையைப் பிடிக்காத குறையா உக்காந்திருந்தேன், சொல்ல வெக்கமா இருக்கு.

உச்சிமாகாளி முற்றத்துல ஊரே கூடிட்டு. அவன் வேப்பமரத்தடியில நிக்கான், கழுத்துல ஈரக் கைக்குட்டை கட்டியிருக்கான், பக்கத்துல சத்தம் மெதுவா உறுமிக்கிட்டு நிக்கி. பிரகாசி வண்டியை விட்டு இறங்கி, அவனைப் பாத்தே சொன்னா.

"அண்ணன், நான் ரூவாயைத் திருப்பிக் கேட்டு வரலை. வண்டி தங்கம், இன்னிக்கு வரைக்கும் வழியில நிக்கலை. ஆனா மீன்காரி சத்தம் போடாம மீன் விக்க முடியுமா? உள்ளே இருந்து கத்துதேன், ஒரு வீட்டுக்கும் கேக்கலை. ஸ்பீக்கர் மாட்டினேன், அதுவும் ஊமையாயிட்டு. ஒவ்வொரு தெருவுலயும் இறங்கிக் கத்திட்டு ஏறினா, பத்தாவது ஊருக்குள்ள ஐஸ் உருகிப் போவுது. பாதி மீனைக் குழி தோண்டிப் புதைக்கேன். அது கூடப் போவட்டும். முந்தாநாள் ஒரு பெரியவரு முதுகைக் காட்டி ரோட்டுல போயிக்கிட்டிருந்தாரு. நான் ஹாரனை அமுக்குதேன், அலறுதேன், அவரு திரும்பவே இல்லை. ஒரு சாண்ல பிரேக்கைப் போட்டேன். இதை இன்னொருத்தர் தலையில கட்ட எனக்கு மனசு வரலை. அது சத்தத்தைக் குடுங்க."

உச்சிமாகாளி ஒரு ஹாரனை நீளமா இழுத்தான். முடியாது.

ஊரும் அவன் பக்கம்தான். நாங்க யாரும் பிடிச்சு வைக்கலையே, அதுவாத்தானே இருக்குன்னாக. சத்தத்தையும் சேத்தா விலை பேசினீகன்னு என்கிட்டக் கேட்டாக. வாழைத்தோட்டத்துப் பொம்பளைக, இனிமே நாங்க இருட்டோட தனியா நடக்கணுமான்னு சண்டைக்கு வந்தாக. எனக்கு மனசு உறுத்திட்டு. தப்பு என் மேலதான், கொடுத்தேங்கிற சொல்லை இவன் வாயால வாங்காம ஹாரன்ல வாங்கிட்டேன், இவன் வாயால மூணு தடவை சொன்னா சத்தம் தானே போயிடும்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அதைக் கேட்டதும் ஊருக்கு நிம்மதி ஆயிட்டு, வாய்ச் சத்தமே இல்லாதவன் எங்க சொல்லப் போறான், வழக்கு முடிஞ்சுதுன்னு ரெண்டு மூணு பேரு துண்டை உதறி எந்திரிச்சாக.

அப்பதான் முப்பிடாதி வாசப்படியில இருந்து பேசினா.

"இவுகளால சொல்ல முடியும்."

எல்லாரும் திரும்பினாக. காத்தை முழுங்கி, ஏப்பம் விடுத மாதிரி மேல கொண்டு வந்து, அதுலயே பேசுத ஒரு வித்தையை ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாகளாம். இவன் ரெண்டு நாள் போயிருக்கான், பன்னி உறுமுத மாதிரி இருக்கேன்னு வெக்கப்பட்டு மூணாம் நாள் போகலையாம், ஹாரன் இருக்க எனக்கு எதுக்கு இந்தக் கேவலம்னு கையை ஆட்டிட்டானாம். அவ சொல்லி முடிக்கும் முன்னால உச்சிமாகாளிக்குக் கோவம் வந்து அடிச்ச ஹாரன்ல வேப்பமரத்துக் காக்கா அத்தனையும் பறந்து போச்சு. அவ அசையலை.

"எம்புட்டு வேணும்னாலும் அடிங்க. அந்தப் பெரியவரு மேல ஏறியிருந்தா, பாவம் நம்ம வாசலுக்குத்தான் வந்திருக்கும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். இனி பேசிப் பிரயோசனம் இல்லைன்னு பிரகாசிக்குத் தெரிஞ்சுட்டு, அவ போயி வண்டியில ஏறினா. கிளம்பப் போறான்னு நெனைச்சேன், கிளம்பலை. கதவைச் சாத்திக்கிட்டு, ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி, முப்பது ஊருல கூப்பிடுற கூப்பாட்டை எங்களைப் பாத்துப் போட்டா. வாய் தொறந்திருக்கு, கண்ணு பிதுங்குது, கழுத்து நரம்பு ரெண்டும் விரல் தண்டிக்குப் புடைச்சு நிக்கி, முகம் சிவந்து கன்னமெல்லாம் ஆடுது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பிள்ளைக சிரிச்சுதுக, பெரியவுகளும் சிரிச்சாக, பாக்க வேடிக்கையாத்தான் இருந்துச்சு, நானும் சிரிச்சேன்னு ஒத்துக்கிடுதேன். உச்சிமாகாளி சிரிக்கலை. ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்ச அன்னிக்கு அவனும் இப்படித்தான் கத்தியிருக்கான், நர்ஸும் முப்பிடாதியும் குனிஞ்சு என்ன என்னன்னு கேட்டிருக்காக. அந்த முகத்துக்கு உள்ளே இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவ மறுபடியும் கத்தினா. அவன் நடந்து போயி, வெளியே இருந்து கதவைத் தொறந்து, அவ கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான்.

என் தோள்ல கிடந்த துண்டை எடுத்து ரெண்டு பேரு கையிலயும் போட்டேன். அவன் கிழக்கே பாத்து நின்னு காத்தை முழுங்கினான், உதடு அசைஞ்சுது, ஒண்ணும் வரலை. ரெண்டாவது தடவை முழுங்கினான். வயித்துக்குள்ள இருந்து ஒரு உறுமல் கிளம்பி வந்து கழுத்துல இடறிச்சு, யாரோ ஒரு பிள்ளை சிரிச்சுது, அதோட அம்மா அது வாயைப் பொத்தினா. அவன் முகமெல்லாம் வேர்த்துட்டு. மூணாவது தடவை, கரகரன்னு, பிஞ்சு பிஞ்சு, ஆனா சொல்லு சொல்லாவே வந்துட்டு.

"கொடுத்தேன்."

சொல்லி நிறுத்தலை, மூணு எண்ணிக்கை முடியணும்னு அவனுக்குத் தெரியும். இன்னும் ரெண்டு தடவை சொன்னான், ஒவ்வொண்ணுக்கும் பிரகாசி வாங்கினேன், வாங்கினேன்னு சொன்னா. சத்தம் அவன் பக்கத்துல இருந்து எந்திரிச்சுது. முற்றத்தை ஒரு சுத்து சுத்திச்சு, எங்க எல்லாரு காலடியிலயும் மண்ணு அதிர்ந்துது. அப்புறம் வண்டிக்குள்ள போயி, மூணு தடவை இருமிப் பிடிச்சுது. பிரகாசி அவனைக் கும்பிட்டா. ஏறி உக்காந்து, மெல்ல ஒரு ஹாரன் அடிச்சுப் பாத்து, திரும்பிப் பாக்காம வண்டியை எடுத்தா. முக்குல கியர் மாத்துறது கேட்டுது, குளத்தங்கரையில கேட்டுது, மெயின் ரோடு வரைக்கும் கேட்டுது, அப்புறம் கேக்கலை.

ஊர்க்காரங்க என்னை ஏசிக்கிட்டே கலைஞ்சு போனாக, டீசல் பாட்டிலை யாரோ மறக்காம எடுத்துக்கிட்டாக. அந்த முற்றம் அப்படி ஒரு அமைதியா இருந்து நான் பாத்ததில்லை. முப்பிடாதி கண்ணைத் துடைச்சுக்கிட்டு சோத்தை வடிக்கப் போனா. உச்சிமாகாளி மரத்தடியில நின்னான், என்னமோ சொல்லணும்னு பழக்கத்துல கையைத் தூக்கினான், ஒண்ணும் கேக்கலை, கையைக் கீழே போட்டுட்டான். ஒரு வாய்ச் சொல்லை அவசரத்துல விட்டுக் கொடுத்து ஒரு மனுசனுக்கு ரெண்டாவது தடவை தொண்டையை அறுத்துட்டேனேன்னு நெனைச்சுக்கிட்டே செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்.

அப்ப என் முதுகுக்குப் பின்னால அந்தக் கரகரப்பு மறுபடி கேட்டுது. காத்தை முழுங்கினான், இடறினான், திரும்பவும் முழுங்கினான்.

"ஏளா."

கட்டின நாள்ல இருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவானாம், நாலு பேரு முன்னால ஏளா ஏளான்னு கூப்பிடாதீக, எனக்குப் பேரு இல்லையான்னு இருபத்தேழு வருசம் அவ சண்டை போட்டிருக்காளாம், பின்னால அவளேதான் எனக்குச் சொன்னா. அவ கையில அகப்பையோட ஓடி வந்து, அவனுக்கு எதிர்ல ஒரு எட்டு தூரத்துல நின்னா. அவனுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டிருக்கான், அது எனக்கே தெரிஞ்சுது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும். நகரக் கூட இல்லை அவ. எதிர்லயே நின்னுக்கிட்டு, அடுப்படிக்குள்ள இருந்து பதில் சொல்லுத மாதிரி, "இந்தா வாரேன்"னு சொன்னா.